ஏரிக்கரையில் இருக்கும் அந்த ஏழு பேர்

குடியாத்தத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அறிவியலும் மாயமும் கலந்த ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறாராம். இன்னும் 300 வருடம் கழித்து, இதே வேலூர்ப் பக்கத்தில் நடக்கும் கதை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன ஒரு வாள்மகளிர் கூட்டம் அதில் மறுபடி எழுகிறது. "அவர்களை ஒரு மலைக்குகையில் தூங்கவைத்து, கதாநாயகி போய் எழுப்புவதாக எழுதியிருக்கிறேன். படித்தவர்கள் எல்லோரும் வெளிநாட்டுப் படம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். நம் ஊரில் இப்படி ஒரு கூட்டம் இருந்திருக்க வாய்ப்பு உண்டா? எப்படி எழுப்பினால் நம்பும்படி இருக்கும்? என்ன பெயர் வைக்கலாம்?" இதுதான் அவர் கேள்வி.

பதில் கொஞ்சம் நீளும். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நடுகல்லையும் ஏரிக்கரைச் சாமிகளையும் தேடி அலைவது பழகிப்போன வேலை. இப்படி ஒரு நாவல் நம் பக்கத்து மண்ணில் வரவேண்டும் என்று நெடுநாளாக ஆசைப்பட்டிருக்கிறேன்.

முதலில் அந்தக் குகையை எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்தவர்களுக்கு எதுவும் மறந்திருக்காது. வாளும் கையில் இருக்கும், வித்தையும் கையில் இருக்கும். அப்புறம் கதாநாயகிக்கு என்ன வேலை மிச்சம்? எதையாவது தொலைத்திருந்தால்தான் தேடி மீட்க முடியும்.

மீட்பது என்றால் என்ன என்று வேலூர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். நம் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். அந்தக் கடைசி வரி ஜலகண்டேஸ்வரர் கோயிலைப் பற்றியது. கோட்டைக்குள் கல்யாண மண்டபத் தூண்களில் யாளியும் குதிரையும் அப்படியே நிற்கும், கருவறையில் மட்டும் சாமி இருக்காது. லிங்கம் வெளியே சத்துவாச்சாரியில் இருந்தது. 1981இல்தான் அதைக் கொண்டுவந்து மறுபடி உள்ளே வைத்தார்கள். என் அம்மா கடைசிவரை அதை 'சாமி வந்த கோயில்' என்றுதான் சொன்னார். கட்டடம் முழுசாக நின்றது, பாட்டும் கதையும் வெளியே இருந்தன, சாமி வேறு ஊரில் இருந்தார். மூன்றையும் ஒரு இடத்தில் சேர்க்க யாரோ சிலர் துணிய வேண்டியிருந்தது. உங்கள் கூட்டமும் இப்படித்தான் எழ வேண்டும். வாள் ஓரிடத்தில், வித்தை ஓரிடத்தில், பெயர் ஓரிடத்தில் என்று பிரிந்து கிடக்கட்டும்.

சரி, அப்படி ஒரு கூட்டம் இருந்திருக்குமா?

சங்கப் பாட்டில் வீரத்தாய்மார் நிறைய உண்டு. ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் ஒருத்தி வருகிறாள். முதல் நாள் சண்டையில் அண்ணனையோ அப்பாவையோ இழந்தவள். அடுத்த சண்டையில் கணவனையும் இழந்தவள். இன்று பறை கேட்டதும் இருக்கிற ஒரே மகனுக்குத் தலை வாரி எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். நெஞ்சை உலுக்கும் பாட்டு அது. ஆனால் அவள் அனுப்புகிறாளே தவிர, தான் போகவில்லை. உங்களுக்கு வேண்டியவர்கள் முல்லைப்பாட்டில் இருக்கிறார்கள். பத்துப்பாட்டில் மிகச் சிறியது அது, மொத்தமே 103 அடி. நப்பூதனார் பாடியது. அரசனின் பாசறையை வர்ணிக்கும்போது உள்ளே காவல் இருக்கும் பெண்களைக் காட்டுகிறார். முன்கையில் சிறு வளையல், முதுகில் புரளும் கூந்தல், இடுப்புக் கச்சில் செருகிய வாள். அந்த வாளை அவர் 'இரவு பகற் செய்யும் திண்பிடி ஒள்வாள்' என்கிறார். இரவைப் பகலாக்கும் ஒளிவாள்! அதே பெண்கள் நெய் உமிழும் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கு அணைய அணையத் திரியைக் கொளுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தக் காட்சியில் கொஞ்சநேரம் நில்லுங்கள். ஒரு கையில் வாள், ஒரு கையில் நெய்க்குழாய். வெளியே ஆயிரம் வீரர்கள் தூங்குகிறார்கள். உள்ளே சில பெண்கள் இருட்டு வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஒளிவாள் என்றதும் வெளிநாட்டுப் படம் ஞாபகம் வருகிறது என்கிறார்களே, அவர்களிடம் இந்த அடியைக் காட்டுங்கள். கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்திலும் அரசன் படுக்கையிலிருந்து எழுந்ததும் வில்லேந்திய பெண்கள் காவலுக்கு வந்து நிற்கவேண்டும் என்று இருக்கிறது. ஆகவே காவல் மகளிர் என்பது நாமாகக் கற்பனை செய்துகொண்டதில்லை. ஆயிரம் ஆண்டு அவர்கள் ஒரே சங்கமாகத் தொடர்ந்தார்கள் என்பதுதான் உங்கள் கற்பனை. அந்த அளவு உரிமை கதைக்கு உண்டு.

அடுத்து நடுகல். செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலையடிவாரம் எல்லாம் பழைய வடஆர்க்காடுதான். அங்கே பல்லவர் காலத்து நடுகற்கள் வயலிலும் வரப்பிலும் நிற்கின்றன. பெரும்பாலும் மாடு மீட்கப் போய்ச் செத்த ஆண்கள். எடுத்தனூரில் ஒரு கல் உண்டு, மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயர் கோவிவன் என்றும், கள்ளர்கள் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வட்டெழுத்தில் தனியாக வெட்டியிருக்கிறார்கள். 1,400 வருடம் கழித்தும் ஒரு நாயின் பெயரை நாம் சொல்கிறோம். விளக்கேற்றிக் காவல் நின்ற பெண்களில் ஒருத்தியின் பெயர்கூடப் பாட்டில் இல்லை. உங்கள் நாவலின் கோபம் இங்கிருந்து வரலாம். கதாநாயகி அந்த நாயின் கல்லைத் தடவிப் படித்துவிட்டு எழுந்திருக்கும் ஒரு காட்சியை நான் மனசுக்குள் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெயர் இல்லாவிட்டாலும் இடம் இருக்கிறது. நம் பக்கத்தில் ஏரிக்கரை, குளக்கரை, மதகு ஓரம் எங்கே போனாலும் வேப்பமரத்தடியில் ஏழு கல் வரிசையாக இருக்கும். கன்னிமார். பல்லவர், சோழர் காலச் சிற்பத்தில் இதே எழுவர் எப்படி இருக்கிறார்கள் தெரியுமா? பிராமி, மாகேஸ்வரி, கௌமாரி, வைஷ்ணவி, வாராகி, இந்திராணி, சாமுண்டி. ஆளுக்கு ஒரு ஆயுதம், ஆளுக்கு ஒரு கொடி. போருக்கென்றே பிறந்த சகோதரிகள். கிராமத்துக்கு வரும்போது ஆயுதமும் இல்லை, முகமும் இல்லை. மஞ்சள் பூசிய ஏழு கல், நடுவில் ஒரு அகல்விளக்கு. வேலை மட்டும் மாறவில்லை, தண்ணீரைக் காப்பது. பழைய படை ஒன்று உருமாறி நம் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் உங்களுக்குக் குகையே தேவைப்படாது.

இப்போது ஒரு கேள்வியை நான் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் வாள்மகளிருக்கு யார் சோறு போட்டார்கள்?

இதைத்தான் இந்த வகைக் கதை எழுதுகிறவர்கள் யோசிப்பதே இல்லை. ஆப்பிரிக்காவில் தகோமி ராஜ்யத்துப் பெண் படை நிஜமாகவே இருந்தது. 1890களில் பிரெஞ்சுக்காரர்களோடு மோதியது. ராஜ்யம் விழுந்ததும் படையும் போயிற்று. சோறு போட்ட அரண்மனை இல்லை, அவ்வளவுதான். நம் ஊரில் அரண்மனை மாறிக்கொண்டே இருந்தது. பல்லவர், சோழர், சம்புவராயர், விஜயநகரம், பீஜப்பூர், மராட்டியர், நவாபு, கிழக்கிந்தியக் கும்பினி. அத்தனை பேரையும் தாண்டி ஒரு கூட்டம் நிலைக்க வேண்டுமானால் அது அரசனை நம்பியிருக்கக் கூடாது. ஏரியை நம்பியிருக்கட்டும். ஏரிப்பட்டி என்று கல்வெட்டில் வரும். ஏரியைப் பராமரிக்கவென்று விட்ட நிலம் அது. அதன் விளைச்சலில் தூர் வாருவார்கள், கரை கட்டுவார்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனை பெரிய நீர்ப்பரப்பைச் சும்மா விட்டுவைக்க முடியாது, ராத்திரியும் பகலும் ஆள் வேண்டும். உங்கள் மகளிர் அந்த ஏரிப்பட்டியில் சாப்பிட்டவர்கள். மழைக்காலத்தில் கரைமேல் விளக்கோடு நின்றவர்கள். மதகை உடைக்க வந்தவனை வாளால் தடுத்தவர்கள்.

அப்படியானால் அவர்கள் ஆயிரம் வருடத்துக்கு முன் அழிந்திருக்க முடியாது. முறிவை 1858க்குக் கொண்டுவாருங்கள். அந்த வருடம் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷன் வந்தது. மானிய நிலங்களையெல்லாம் விசாரித்தார்கள். பல இடங்களில், வருடத்துக்கு இவ்வளவு கட்டிவிடு, நிலம் உனக்கே சொந்தம் என்று பட்டா கொடுத்தார்கள். உங்கள் எழுவரிடமும் அந்தக் காகிதம் வருகிறது. நாலு பேர் வாங்கிக்கொள்கிறார்கள், மூன்று பேர் மாட்டேன் என்கிறார்கள். வாங்கிக்கொண்டவர்கள் கெட்டவர்கள் இல்லை, வீட்டில் பசித்த பிள்ளைகள் இருந்தார்கள். கதாநாயகியின் பரம்பரை வீட்டு மரப்பெட்டியில் அந்தப் பட்டாவே இருக்கட்டும். எந்தக் கூட்டத்தை எழுப்பப் போகிறாளோ அதைக் கலைத்ததில் தன் வீட்டுக்கும் பங்கு உண்டு என்று அவள் தெரிந்துகொள்ளும் இடம் நாவலின் நடுவில் வரவேண்டும்.

1806 ஜூலை 10 கோட்டைப் புரட்சியில் இவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் ஆசை வரும். வேண்டாம். அந்த இரவு சிப்பாய்களுடையது, அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

வித்தை எங்கே போனது? என் யோசனை, கூத்தில். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் கட்டை வேடம் போடுகிறவர்கள் கல்யாண முருங்கை மரத்தில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு சுழன்று சுழன்று ஆடுவார்கள். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். பாரதக் கூத்தின் கடைசியில் காலையில் படுகளம் நடக்கும். மண்ணில் பெரிதாகத் துரியோதனனைச் செய்து கிடத்தியிருப்பார்கள். அவனை வீழ்த்திய பிறகுதான் திரௌபதி கூந்தலை முடிவாள். அப்போது சுற்றி நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள், ஆனால் ஒருத்தியும் இமைக்கமாட்டாள். ஆக, எழுவரின் வாள்வீச்சு முழுவதும் ஒரு திரௌபதி வேடக்காரரின் கால் அடவில் ஒளிந்திருக்கிறது என்று வையுங்கள். அவருக்கே அது சண்டை என்று தெரியாது, அவருக்கு அது ஆட்டம். பெண்களின் வித்தையைக் கதாநாயகி ஒரு கிழவரிடம் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. "இந்த இடத்தில் ஏன் இடது காலைப் பின்னால் வைக்கிறீர்கள் தாத்தா?" என்று அவள் கேட்பாள். "எங்க வாத்தியார் அப்படித்தாம்மா வெச்சாரு" என்பார். பின்னால் வைத்த கால் மதகின் படியில் நிற்பதற்கானது என்று அவள் கண்டுபிடிக்கும்போது வாசகருக்கு மயிர்க்கூச்செறியும்.

இனி அறிவியல். உங்களுக்குக் காவலூர் இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே, 1960களின் கடைசியிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வானாய்வகம். வானியலாளர் வைணு பாப்பு அதை வளர்த்தார். 1986இல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு போகும் என்று பல இடங்களில் காத்திருந்தார்கள், காவலூரிலும் காத்திருந்தார்கள். கோள் வந்து மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சற்று மங்கித் திரும்பியது. அப்படித்தான் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தது. எதையும் நேரில் பார்க்கவில்லை, ஒரு விளக்கு மங்கி மங்கி எரிந்ததைக் கவனித்தார்கள். முல்லைப்பாட்டுப் பெண்களின் வேலையும் அதேதான்.

உங்கள் கதையில் 300 வருடம் கழித்து அந்தக் கூரை பாழடைந்திருக்கட்டும். ஒரே ஒரு கருவி மட்டும் ஓடுகிறது. அது ஒரு விண்மீன் ஏழு முறை மங்கித் திரும்புவதைப் பதிவு செய்கிறது, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி. யாரோ அல்லது எதுவோ குறுக்கே வந்துகொண்டிருக்கிறது. அதே இரவு ஏரிக்கரைக் கிழவி ஒருத்தி, ஏன் என்று தெரியாமலே, தன் பாட்டி சொன்னபடி விளக்கை ஏழு முறை கையால் மறைத்துத் திறக்கிறாள். தொடக்கம் அங்கே.

வருகிறவன் யார்? அதற்கும் பழைய கதையிலேயே ஆள் உண்டு. ரக்தபீஜன். தேவி மகாத்மியத்தில் இந்த எழுவரும் அவனோடு போர் செய்கிறார்கள். அவன் இரத்தம் ஒரு சொட்டு மண்ணில் விழுந்தால் இன்னொரு ரக்தபீஜன் எழுவான். வெட்ட வெட்டப் பெருகுகிறவன். தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொள்ளும் எந்திரத்தை இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது. மண்ணும் ஈரமும் கிடைக்கும் இடத்தில் அது முளைக்கிறது என்று வைத்தால், வாள் மட்டும் போதாது. விழும் சொட்டைத் தரைக்குப் போகாமல் பிடிக்க ஒருத்தி வேண்டும், தண்ணீரைத் திருப்பிவிட ஒருத்தி வேண்டும், வெளிச்சம் பிடிக்க ஒருத்தி வேண்டும். ஏழு பேர் ஏன் ஏழு பேராக இருந்தார்கள் என்பதற்குக் காரணம் கிடைத்துவிடும். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் எல்லோரும் ஒரே மாதிரி வாள் சுழற்றுகிறார்கள், அதனால்தான் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

புதிய எழுவரை எங்கிருந்து எடுப்பது? மலையேறித் தேடவேண்டாம். நாகநதியை மீட்டவர்களைப் பாருங்கள். வேலூர் மாவட்டத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கிச் செய்த வேலை அது. ஆற்றுப்படுகையில் குழி தோண்டி, சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, சுற்றிலும் கல்லும் மணலும் நிரப்பி, மழைத் தண்ணீரை மண்ணுக்குள் அனுப்பினார்கள். ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். உறையைக் கயிற்றில் கட்டி இறக்கும்போது ஒருத்தி மட்டும் குரல் கொடுப்பாள், மற்றவர்கள் ஒரே மூச்சில் கயிற்றை விடுவார்கள். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். படை என்றால் அதுதான் படை. அப்புறம் ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் வரிசையில் உட்காரும் பெண்கள், குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்கள். அந்த விரல்களுக்குத் தெரியாத நுணுக்கமா? கவசம் வேண்டுமானால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பழைய முறையில் பதனிட்ட தோல் இருக்கட்டும். குரோமியம் நம் நிலத்தடி நீரை என்ன செய்தது என்று ராணிப்பேட்டைப் பக்கம் போனால் தெரியும். தண்ணீரைக் காக்கிறவர்கள் அதில் செய்த தோலை உடுத்தமாட்டார்கள்.

ஒரு நிஜமான முன்மாதிரியும் சொல்கிறேன். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி படை தொடங்கியது. தலைவி கேப்டன் லட்சுமி, சென்னையில் பிறந்து வளர்ந்த டாக்டர். சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் பலர். ஜான்சி ராணி செத்தது 1858இல். அவர் குதிரையும் இல்லை, வாளும் இல்லை, மொழியும் வேறு. ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, கையில் துப்பாக்கியோடு புதுப் படை ஒன்றை எழுப்பினார்கள். அவர்களைப் போலி என்று யாரும் சொன்னதுண்டா? உங்கள் புதிய எழுவருக்கும் இந்தச் சந்தேகம் வரும். பழையபடி அப்படியே செய்யவேண்டும் என்று ஒருத்தி நிற்பாள். பழையபடி என்றால் யார் கண்டது என்று இன்னொருத்தி கேட்பாள். வெளியே வரும் ரக்தபீஜனைவிட இந்த வாக்குவாதத்துக்கு அதிகப் பக்கம் ஒதுக்குங்கள்.

கடைசியாகப் பெயர். நீங்கள் வைத்திருக்கும் 'எரிவாள் சங்கம்' வேண்டாம், அது மேடைப் பெயர். கணியம்பாடிப் பக்கம் எங்கள் ஊரில் பொழுது சாய்ந்து ஏரிக்கரை வழியாக வரும்போது எங்கள் ஆயா குரலைத் தாழ்த்திக்கொள்வார். "அந்த ஏழு பேர் இருக்கறாங்க, செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்க" என்பார். சாமி என்று சொல்லமாட்டார், அம்மன் என்று சொல்லமாட்டார். அந்த ஏழு பேர். தெரிந்த வீட்டு மனுஷர்களைச் சொல்வதுபோல. உங்கள் கூட்டத்தையும் ஊர் அப்படியே கூப்பிடட்டும். உங்கள் கதாநாயகி எட்டாவது ஆளாக வந்து நிற்கிறாளே, அப்போது இடம் விடுவது யார் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு வரும். அதை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள்.